பாசி எடை போடும் இடத்துக்கு ஒரு செயலி: ஈரக்கை, வெயில், இரவல் போன். எப்படி வடிவமைப்பது?

பாசிக்காரி_மகள் கேட்டது:

பாம்பன் பக்கம் எங்கள் ஊர். அம்மா, சித்தி, பெரியம்மா எல்லாருமே கடலில் பாசி எடுக்கிறவர்கள். நான் படித்து முடித்து, வீட்டிலிருந்தே ஒரு மென்பொருள் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். "ஊருக்கெல்லாம் என்னமோ செஞ்சு குடுக்குற, எங்க எடைக் கணக்கப் போன்ல போட்டுத் தர மாட்டியா" என்று மகளிர் குழுவில் கேட்டுவிட்டார்கள். சரி என்று சொல்லியாயிற்று. வேலையைத் தொடங்கும் முன் இங்கே கேட்கிறேன். ஆபீசில் கேட்டால் வருகிற யோசனையெல்லாம் ஏசி அறைக்குத்தான் பொருந்துகிறது.

கணக்கு சின்னதுதான். யாருடைய மூட்டை, என்ன பாசி, எத்தனை கிலோ, அன்றைய விலை, வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது. மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் அகர் என்ற கூழ்ப்பொருள் தயாரிக்கப் போகின்றன. கட்டக்கோரை ஆல்ஜினேட் என்ற இன்னொரு கூழ்ப்பொருளுக்குப் போகிறது. அதனால் விலையும் வேறு வேறு. இப்போது இதெல்லாம் வியாபாரியின் நோட்டில் மட்டும் இருக்கிறது. அந்த நோட்டில் பொய் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் ஒரு கணக்கு இல்லை, அவ்வளவுதான்.

கஷ்டம் எடை போடும் இடத்தில்தான். கடலிலிருந்து ஏறி வரும்போது விரலில் சுற்றிய துணி அப்படியே இருக்கும், பாறை கிழிக்காமல் இருக்கச் சுற்றுவது. அதை அவிழ்த்தாலும் விரல் ஊறி வெளுத்து, பழைய வெட்டுக்களோடு இருக்கும். கைரேகைப் பூட்டெல்லாம் பேச்சுக்கே இடமில்லை. ஒரு மாதிரித் திரையைப் போனில் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். பெரிய பட்டன், பாசியின் படம், பக்கத்தில் எண். வீட்டில் உட்கார்ந்து பார்த்தபோது ஒரு தடுமாற்றமும் இல்லை. கரையில் கொடுத்தால், கஞ்சிப் பாசியைத் தொட்டதற்குக் கட்டக்கோரை விழுகிறது. முந்தானையிலிருந்து ஒரு சொட்டு விழுந்ததும் பக்கம் தானாக மாறுகிறது.

இன்னொன்று. திறந்தவுடன் "இருப்பிடத்தை அறிய அனுமதிக்கவா" என்று ஒரு பெட்டி வந்தது. சித்தி போனைத் திருப்பி என் கையில் வைத்துவிட்டார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. எந்த இடத்தில் பாசி எடுத்தோம் என்று போனில் பதிவாகிவிடுமோ என்ற பயம் இருக்கும்போது யார் தொடுவார்கள்? அந்தப் பெட்டியை எடுத்துவிடுவேன், அது பெரிய விஷயமில்லை.

பாதிப் பேருக்குப் போன் சொந்தமில்லை. மகனுடையது, மருமகனுடையது. எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள் சிலர். எண் எல்லாருக்கும் தெரியும். மூட்டையை அடையாளம் வைக்க ஆளுக்கொரு பழைய சேலைக் கிழிசல் கட்டுவார்கள். முகப்படத்துக்குப் பதில் அந்தக் கிழிசலின் படத்தையே செயலியில் வைக்கலாமா என்றும் ஒரு யோசனை.

ஆபீஸ் நண்பர்கள் "குரல் கட்டளை வை, பேசினால் பதிவாகிவிடும்" என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் காரணம் சொல்லத் தெரியவில்லை. குரலா, படமா, எண்ணா? கரையில் போன் பயன்படுத்துகிறவர்கள், பழுது பார்க்கிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பாம்பன்_செல்போன்_கடை எழுதியது:

தங்கச்சி, எனக்குச் செயலி எழுதத் தெரியாது. ஆனால் இந்தக் கரையில் போன்கள் எப்படிச் சாகின்றன என்று தெரியும். என் மேசைக்கு வருகிற போனில் சார்ஜ் வாய் முழுக்கப் பச்சைக் களிம்பு, ஸ்பீக்கர் வலையில் உப்பு, கவருக்குள் மீன் செதில். செட்டிங்ஸைத் திறந்தால் எழுத்து அளவைக் கடைசி வரை இழுத்து வைத்திருப்பார்கள். உன் போனில் அழகாக உட்கார்ந்திருக்கும் "சேமிக்கவும்" அவர்கள் போனில் "சேமி" என்பதோடு வெட்டுப்பட்டு நிற்கும். முதலில் எழுத்தைப் பெரிசாக்கி வைத்துப் பார்.

உன் அம்மாவுக்கு நடந்தது பட்டன் சின்னதாக இருந்ததால் இல்லை. தொடுதிரை விரலைப் பார்ப்பதில்லை, விரல் பட்டதும் மாறுகிற மின்னூட்டத்தைத்தான் பார்க்கிறது. உப்புத் தண்ணீரில் மின்சாரம் நன்றாக ஓடும். அதனால் கண்ணாடி மேல் கடல் நீர் ஒரு சொட்டு கிடந்தால் போனுக்கு அதுவும் ஒரு விரல். காய்ந்த துணி சுற்றிய விரல் பட்டாலோ, அதற்கு ஒன்றுமே படவில்லை. பட்டன் குறைந்தது 48 டிபி இருக்கட்டும், அதாவது சுமார் 9 மில்லிமீட்டர், என்று ஆண்ட்ராய்டு வழிகாட்டியில் இருக்கிறது. அது காய்ந்த கைக்குச் சொன்னது. நீ அதை இரண்டு மடங்கு ஆக்கினாலும் சொட்டு அதற்குள்தான் விழும்.

நான் கேட்பது, பாசி எடுத்து வந்தவர் எதற்குத் திரையைத் தொட வேண்டும்? தராசுப் பக்கத்தில் காய்ந்த கையோடு ஒருத்தர் இருப்பாரே, குழுவில் கணக்கு எழுதுகிற பெண். தொடுவது அவர் வேலையாக இருக்கட்டும். மற்றவர்களுக்கு வேண்டியது, அவர் போட்டது சரியா என்று அங்கேயே தெரிவது. அதற்குக் காது போதும்.

டீக்கடையில் பணம் வந்ததைச் சொல்கிற சவுண்ட் பாக்ஸைப் பார். மாஸ்டர் வடையைத் திருப்பிக்கொண்டே கேட்டுக்கொள்கிறார். படிக்கத் தெரிய வேண்டாம், கையைத் துடைக்க வேண்டாம். பணம் போட்டவரும் கேட்கிறார், பக்கத்து பெஞ்சில் இருப்பவரும் கேட்கிறார். அப்புறம் "வரலையே" என்ற பேச்சு எழுவதில்லை. எடைக்கும் அப்படியே செய். "ஏழாம் நம்பர், கஞ்சிப் பாசி, பன்னிரண்டே முக்கால் கிலோ" என்று சத்தமாகச் சொல்லட்டும். நிற்கிற பெண்கள் அத்தனை பேரும் சாட்சி. போன் ஸ்பீக்கர் கரைக் காற்றுக்குக் காணாது, ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வைத்துக்கொள்.

குரலில் உள்ளே போடுவது வேறு கதை. காற்று, அலை, நாலு பேர் பேச்சு. பேச்சைப் புரிந்துகொள்கிற சேவைகள் பலவற்றுக்கு நெட் வேண்டும். "மரிக்கொழுந்து" என்றால் அது வாசனைச் செடியைத்தான் நினைக்கும். தப்பாக எழுதிக்கொண்டால் திருத்துவதற்கு மறுபடி திரையைத்தான் தொட வேண்டும். உனக்கு மனம் ஒப்பாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வெளியே பேசுகிற குரலுக்கு இயந்திரத்தைப் போடாதே. குழுவிலேயே கணீரென்று பேசுகிற ஒருவரை வைத்துப் பதிவு செய். 12.750 என்பதை இயந்திரம் "பன்னிரண்டு புள்ளி ஏழு ஐந்து பூஜ்யம்" என்று வாசிக்கும், அதைக் கேட்டு யாருக்கு என்ன புரியும்? கால், அரை, முக்கால் வந்தால் அப்படியே சொல்லட்டும். 12.600 என்றால் "பன்னிரண்டு கிலோ அறுநூறு". எண்களைத் துண்டு துண்டாக ஒட்டினால் "இருபது மூன்று" என்று வரும். அதனால் 1 முதல் 99 வரை ஒவ்வொன்றையும் முழுசாகப் பேச வை.

வெயிலில் கறுப்புப் பின்னணி எடுபடாது. வெள்ளை மேல் கறுப்பு எழுத்து. சாம்பல் நிறத்தில் எழுதுகிறவர்களை ஒரு நாள் உச்சி வெயிலில் குந்துகால் கரையில் நிற்க வைக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. பவர் பட்டனை விட்டால், போனில் மிச்சமிருக்கிற நிஜமான பட்டன் வால்யூம் பட்டன்தான். பாலித்தீன் பைக்குள் போட்டாலும் அழுத்தலாம். மேலே அழுத்தினால் "திரும்பச் சொல்", கீழே அழுத்தினால் "தப்பு, அழி" என்று வைத்துப் பார்.

கீழக்கரை_துபாய் எழுதியது:

இவ்வளவு யோசிப்பதற்கு ஒரு நல்ல வாட்டர்ப்ரூஃப் போன் வாங்கிக் கொடுத்தால் முடிந்ததே. ஐ.பி. 68 போன்கள் இப்போது விலை இறங்கிவிட்டன. ஊர்க்காரர்கள் சேர்ந்து ஸ்பான்சர் செய்யலாம், நான் ஒன்று தருகிறேன்.

பாம்பன்_செல்போன்_கடை எழுதியது:

பாய், நல்ல மனசு. ஆனால் ஐ.பி. 68 சோதனை நல்ல தண்ணீரில் செய்வது, கடல் தண்ணீரில் இல்லை. உள்ளே தண்ணீர் போகாமல் இருக்கும், சரி. வெளியே கண்ணாடியில் கிடக்கிற சொட்டு அப்போதும் விரல்தான். அந்தப் பணத்துக்கு ஸ்பீக்கர் வாங்கிக் கொடுங்கள்.

ராம்நாடு_ஆசிரியர் எழுதியது:

எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. இராமநாதபுரத்தில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். ஆண்ட்ராய்டில் திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வைத்துத்தான் இதைப் படித்தேன், எழுதுகிறேன். கடைக்காரத் தம்பி சொன்னது பெரும்பாலும் சரி. வால்யூம் பட்டனில் மட்டும் கை வைக்காதீர்கள்.

காரணம், டாக்பேக்கை இயக்கவும் நிறுத்தவும் அந்த இரண்டு பட்டனையும் சேர்த்துப் பிடிப்பதுதான் பலருக்கு வழி. வாசிக்கிற குரல் காற்றில் கேட்கவில்லை என்றால் ஏற்றுவதும் அதில்தான். ஒரு செயலி அதைப் பறித்துக்கொண்டு, நான் சத்தத்தைக் குறைக்க அழுத்தும்போது எடையை அழித்தால் எப்படி இருக்கும்? "எங்கள் குழுவில் பார்வையற்றவர் யாரும் இல்லையே" என்று சொல்லலாம். வெயிலும் காற்றும் சேர்ந்து கண்ணில் சதை வளர்ந்தவர்கள், கண்புரை வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள்.

நிஜமான பட்டன் வேண்டும் என்ற யோசனை அருமை. அதற்குக் கணினிக் கடையில் விற்கும் எண் விசைப்பலகை போதும். ஓ.டி.ஜி. கேபிள் வழியாகப் போனில் செருகலாம். 5 மேல் ஒரு சின்ன மேடு இருக்கும், விரல் அதைக் கண்டுபிடித்தால் மற்ற எட்டும் தானாக வரும். ஈரம் பட்டாலும் தானாக அழுந்தாது. பழுதானால் புதுசு வாங்குகிற விலைதான்.

படம் போட்ட பட்டன்களைப் பற்றி ஒரு வார்த்தை. பாசியின் படத்தைப் போட்டுவிட்டு அதற்குப் பெயர் எழுதாமல் விட்டால் டாக்பேக் "பட்டன், பட்டன், பட்டன்" என்றுதான் சொல்லும். நான் நகரப் பேருந்தில் உட்கார்ந்து ரயில் டிக்கெட் போட முயன்ற ஒரு செயலியில் இப்படி ஆறு பட்டன். எது பின்னே போவது, எது பணம் கட்டுவது என்று தெரியாமல் இறங்கும் இடமே வந்துவிட்டது. பெயர் எழுதுவது ஒரு வரி வேலை. இணையப் பக்கமாகச் செய்தால் மொழி தமிழ் என்ற குறிப்பையும் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழை வாசிக்கப் போய்த் திணறும்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்பது டபிள்யூ.சி.ஏ.ஜி. விதி, அதாவது எல்லாரும் பயன்படுத்தும்படி இணையத்தை அமைப்பதற்கான உலக வழிகாட்டி. அதெல்லாம் அறைக்குள் பார்ப்பதற்கு, கரைக்கு இன்னும் அதிகமாக வையுங்கள். 2023இல் வந்த 2.2 பதிப்பில் இன்னொன்று சேர்த்திருக்கிறார்கள்: உள்ளே நுழைவதற்கு எதையும் மனப்பாடம் செய்து தட்டச்சு செய்யும்படி கட்டாயப்படுத்தக் கூடாது, வேறு வழியும் இருக்க வேண்டும். மருமகன் போனுக்கு ஓ.டி.பி. போய், அவர் கடலில் இருந்தால் அந்த அம்மா என்ன செய்வார்? 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கண் சிமிட்டச் சொல்லி ஆளைச் சரிபார்க்கிற கே.ஒய்.சி. முறையால் பார்வையற்றவர்களும் ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் வெளியே நிற்கிறார்கள் என்ற வழக்கில், டிஜிட்டல் வசதியை அணுகுவது வாழும் உரிமையின் பகுதி என்றே சொல்லியிருக்கிறது. உங்கள் செயலிக்கு நுழைவு எதற்கு? மூட்டை எண் போதாதா?

அப்புறம் அந்தச் சத்தமான குரல். எடையை ஊர் கேட்கச் சொல்லலாம். முன்பணப் பாக்கியைச் சொல்லவே கூடாது. பேசும் ஏ.டி.எம்.மில் ஹெட்போன் துளை வைத்திருப்பது இதற்காகத்தான்.

பாசிக்காரி_மகள் எழுதியது:

சார், பாக்கி விஷயத்தைப் படித்ததும் ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். முழுக் கணக்கையும் குரலில் சொல்ல வைப்பதாகத்தான் அதுவரை யோசித்துக்கொண்டிருந்தேன். ஊரில் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது எல்லாருக்கும் அரைகுறையாகத் தெரியும். ஆனாலும் அதை ஸ்பீக்கரில் சொன்னால் மறுநாள் யாரும் தராசுப் பக்கம் வர மாட்டார்கள்.

பாக்கிக்கு வேறு வழி தோன்றுகிறது. 2022 மார்ச்சில் பட்டன் போனுக்கென்று யு.பி.ஐ. 123பே கொண்டுவந்தார்களே, அதில் மிஸ்டு கால், குரல்வழி அழைப்பு எல்லாம் உண்டு. அதே மாதிரி, ஒரு எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைத்து, மூட்டை எண்ணை அழுத்தச் சொல்லி, வாரக் கணக்கைக் காதில் மட்டும் சொல்லட்டும். யார் போனிலிருந்தும் கூப்பிடலாம். மூட்டை எண் ஊருக்கே தெரியுமே, அடுத்தவர் பாக்கியை இன்னொருவர் கேட்டுவிட மாட்டாரா என்பதுதான் இடிக்கிறது. அவரவரே எளிதில் மறக்காத இரண்டு இலக்கம் ஒன்றைச் சேர்க்கச் சொல்லலாம், மறந்தால் கணக்கு எழுதும் அக்கா காய்ந்த கையோடு பார்த்துச் சொல்வார்.

சேலைக் கிழிசல் படத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அம்மாவிடமே கேட்டேன். நனைந்தால் பச்சையும் நீலமும் ஒன்றுதான் என்றார். பெரியம்மா நிறத்தைப் பார்ப்பதே இல்லையாம், தன் கிழிசலில் போட்ட முடிச்சைத் தடவித்தான் எடுப்பாராம். ஆகவே எண்தான். மூட்டையில் தகரத் துண்டில் அடித்த எண் ஒன்று கட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், கிழிசலும் இருக்கட்டும்.

மண்டபம்_வள்ளம் எழுதியது:

தாயி, நான் பாசிக்காரன் இல்லை, நண்டு வலை. பேரன் இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினான், நான் சொல்லச் சொல்ல அவன்தான் எழுதுகிறான்.

எல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று விட்டுப்போயிற்று. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவதைப் பார்த்திருப்பாய். பகலில் கூம்பும் உருளையும், ராத்திரியில் சிவப்பு வெள்ளை விளக்கு. எழுத்தே கிடையாது, படிக்காதவனுக்கும் தூரத்திலிருந்தே தெரியும். டிவியில் 1ஆம் எண், 3ஆம் எண் என்று சொல்வார்கள். மொத்தம் 11 இருக்கிறது. 11தான் ஆகப் பெரிய புயல் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. அந்த வரிசை 10 உடன் முடிந்துவிடும். 11 ஏற்றினால் வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துபோச்சு என்று அர்த்தம். எனக்குச் சேதி வரவில்லை, நீயே பார்த்துக்கொள் என்று ஒரு கூண்டு.

இந்தப் போன் செயலிகளில் அந்த 11 கிடையாது. கரையை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனால் டவர் போய்விடும். காலையில் பார்த்த காற்று சாயங்காலமும் அப்படியே திரையில் நிற்கும், இப்போதுதான் வந்த சேதி மாதிரி. அதில் ஒரு அம்பு வேறு. காற்று அந்தப் பக்கமிருந்து வருகிறதா, அந்தப் பக்கம் போகிறதா என்று அம்பைப் பார்த்து எவனுக்கும் தெரியாது. அதனால் நான் 90.4இல் கடல் ஓசை வானொலி கேட்கிறேன். வலையைப் பிரித்துக்கொண்டே கேட்கலாம், ஆள் பேசும்போது இன்றைக்கு என்ன கிழமை என்றாவது சொல்வான்.

உன் செயலியில் விலை எங்கிருந்தோ வரும் இல்லையா? நெட் இல்லாதபோது பழைய விலையைப் புதுசு மாதிரி சொல்லக் கூடாது. "செவ்வாய்க்கிழமை விலை இது, அதுக்கப்புறம் சேதி இல்லை" என்று வாயைத் திறந்து சொல்லட்டும். வியாபாரியிடம் பேசும்போது அது ஒன்றுதான் கையில் நிற்கும்.

பாசிக்காரி_மகள் எழுதியது:

பெரியப்பா, இதை எழுதி வைத்துக்கொண்டேன். விலையோடு கிழமை கட்டாயம் வரும். மூன்று நாளுக்கு மேல் பழையதாகிவிட்டால் விலையைச் சொல்லாமல் எடையை மட்டும் சொல்லி நிறுத்திவிடும். திரையில் அந்த இடத்தில் எண் இருக்காது, வெறும் கோடு.

கடைக்கார அண்ணே, எண் விசைப்பலகை உங்களிடம் கிடைக்குமா? எந்த மாதிரி வாங்க வேண்டும்?

பாம்பன்_செல்போன்_கடை எழுதியது:

என்னிடம் இல்லை, ராமநாதபுரத்தில் கிடைக்கும். கேபிள் வாங்கும்போது சார்ஜுக்கும் தனி வாய் உள்ளதாகக் கேள். சாதாரண ஓ.டி.ஜி. என்றால் விசைப்பலகை செருகியிருக்கும்போது சார்ஜ் போட முடியாது, எடை முடிவதற்குள் போன் படுத்துவிடும். கேபிளும் விசைப்பலகையும் சேர்த்துப் பாலித்தீன் பையில் போட்டு வாயை ரப்பர் பேண்டால் கட்டு, பட்டன் பைக்கு மேலேயே அழுந்தும்.

நம் லாக் (Num Lock) என்று ஒரு பட்டன் இருக்கும். அது அணைந்திருந்தால் எண் விழாது, திரையில் அம்பு மாதிரி அங்கும் இங்கும் ஓடும். உன் செயலி அதைக் கவனித்துச் சொன்னால் நல்லது. அப்புறம் ஆசிரியர் சார் சொல்லாமல் விட்டது: இந்தப் பலகையில் 7, 8, 9 மேல் வரிசையில் இருக்கும், போனில் 1, 2, 3 மேலே. கணக்கு எழுதுகிற பெண் கால்குலேட்டர் பழகியவர் என்றால் கவலையில்லை. பட்டன் போன் பழகியவர் என்றால் கொஞ்ச நாளைக்கு 1ம் 7ம் மாறிக்கொண்டே இருக்கும். அழிக்கிற பட்டனைப் பெரிய என்டரில் வைக்காதே.